ஆஸ்டா நீல்சன்: ஐரோப்பிய மௌனப்பட நடிகையின் திரைவாழ்க்கை குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மௌனப்படங்களைப் பார்க்கத் தொடங்குகிறவர்கள் சில நாட்களிலேயே ஆஸ்டா நீல்சன் என்ற பெயரைச் சந்திப்பார்கள். அந்தப் பெயரோடு 'வட ஐரோப்பாவின் மாபெரும் சோகநாயகி' என்பதுபோன்ற ஒரு பட்டமும் ஒட்டிக்கொண்டு வரும். பட்டம் தவறில்லை என்றாலும் அது அவரைச் சிறிதாக்கிவிடுகிறது. கேமராவுக்கு முன்னால் நடிப்பது மேடையில் நடிப்பதிலிருந்து வேறுபட்ட தொழில் என்பதைத் தம் முதல் படத்திலேயே கண்டுகொண்டவர் அவர். அந்தத் தொழிலைத் தம் விருப்பப்படி செய்வதற்கான உரிமையைப் பேரம்பேசிப் பெற்றவர். அந்த உரிமை கைநழுவியபோது வேடம் தேடி அலையாமல் ஒதுங்கியும் நின்றவர். கீழுள்ள விடைகளை இந்த மூன்றையும் மனத்தில் வைத்தே எழுதியிருக்கிறேன்.

ஆஸ்டா நீல்சன் யார்? எத்தனை படங்களில் நடித்தார்?

டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகனில் 1881 செப்டம்பர் 11 அன்று பிறந்த நடிகை. 1910 முதல் 1932 வரை 74 படங்களில் நடித்தார். அவற்றுள் நான்கு மட்டுமே டென்மார்க்கில் எடுக்கப்பட்டவை. எஞ்சிய எழுபதும் ஜெர்மனியில் உருவானவை. ஜெர்மன் மக்கள் அவரைத் தங்களுள் ஒருவராகவே கருதி, 'டீ ஆஸ்டா', அதாவது 'நம் ஆஸ்டா' என்று சொல்வதற்கு நிகராக அழைத்தார்கள்.

அவருடைய இளமைக்காலம் எப்படி இருந்தது?

வறுமையில் கழிந்தது. தந்தை கொல்லுத் தொழில் தெரிந்த கூலித்தொழிலாளி. நிலையான வேலையின்றி அடிக்கடி திண்டாடியவர். தாய் சலவைத்தொழில் செய்தார். தந்தைக்கு மாவு ஆலையில் வேலை கிடைத்ததால் குடும்பம் சில ஆண்டுகள் சுவீடனின் மால்மோ நகரில் வாழ்ந்துவிட்டுக் கோபன்ஹேகனுக்குத் திரும்பியது. ஆஸ்டாவுக்குப் பதினான்கு வயதானபோது தந்தை இறந்தார். பின்னாளில் திரையில் படிக்கட்டு துடைக்கும் வேலைக்காரியாகவும் வாடகை கொடுக்க வழியில்லாத பெண்ணாகவும் அவர் தோன்றியபோது, கையில் வாளியைப் பிடிக்கும் விதத்தில்கூடப் பாசாங்கு தெரியாததற்கு இந்த ஆண்டுகளே காரணம் என்பது என் எண்ணம்.

பதினெட்டு வயதில் ராயல் டேனிஷ் தியேட்டரின் நடிப்புப் பள்ளியில் சேர்ந்து, பீட்டர் யெர்ண்டார்ஃப் என்ற மூத்த நடிகரிடம் பயின்றார். பயிற்சி முடிவதற்குள், 1901இல், அவருக்கு ஒரு மகள் பிறந்தாள். தந்தை யார் என்பதை ஆஸ்டா இறுதிவரை வெளியிடவில்லை. மணமாகாத தாய் என்பது ஒரு பெண்ணின் வாழ்வையே முடக்கிவிடக்கூடிய அந்தக் காலத்தில், குழந்தைக்கு எஸ்டா என்று பெயரிட்டுத் தாயும் அக்காவும் துணைநிற்கத் தாமே வளர்த்தார்; 1902இல் பயிற்சியையும் முடித்தார்.

நாடக நடிகையாக இருந்தவர் திரைக்கு வந்தது ஏன்?

மேடையில் அவருக்குரிய இடம் கிடைக்கவில்லை. கோபன்ஹேகனின் தாக்மார் தியேட்டரில் சில ஆண்டுகள், பிறகு நார்வே, சுவீடன் நாடுகளில் சுற்றுப்பயணக் குழுக்கள், 1907 முதல் கோபன்ஹேகனின் 'புதிய நாடக அரங்கம்' என்று எட்டு ஆண்டுகள் ஓடின. பெரும்பாலும் சிறு வேடங்களே வந்தன. ஒல்லியான உடலும், முகத்தையே மறைத்துவிடும்படியான பெரிய கருவிழிகளும், ஆழ்ந்த குரலும் அன்றைய கதாநாயகி இலக்கணத்துக்குப் பொருந்தவில்லை. திரையில் பெரும்பலமாக அமைந்த அவருடைய தோற்றத்தின் கவர்ச்சியை மேடையில் அந்தத் தாழ்ந்த, சமனற்ற குரல் மட்டுப்படுத்தியது என்று டேனிஷ் நாடக வரலாற்றாசிரியர் ராபர்ட் நையண்டாம் கருதினார்.

அந்த அரங்கத்தில்தான் உர்பான் காட் அறிமுகமானார். அவர் நாடகாசிரியர், அரங்க அமைப்பிலும் ஈடுபட்டவர். டென்மார்க்கில் புகழ்பெற்றிருந்த எழுத்தாளர் எம்மா காட்டின் மகன். தம் இருவருடைய திறமையையும் நாடக முதலாளிகள் கண்டுகொள்ள வேண்டும் என்பதற்காகவே ஒரு படம் எடுத்துக் காட்டலாம் என்று அவர்கள் திட்டமிட்டார்கள். திரை அவர்களுக்கு அப்போது மேடைக்குப் போகும் குறுக்குவழி மட்டுமே. அந்தப் படம் வெளியான பிறகு இருவருக்கும் மேடை தேவைப்படவில்லை.

'அஃப்குருண்டன்' படத்தின் கதை என்ன? அது எப்படி எடுக்கப்பட்டது?

'பாதாளம்' என்று பொருள்படும் தலைப்பைக் கொண்ட அந்தப் படத்துக்குக் கோபன்ஹேகனின் கோஸ்மோராமா திரையரங்கு உரிமையாளர் ஹியால்மர் டேவிட்சன் பணம் போட்டார். செலவு சுமார் 8,000 குரோனர். படப்பிடிப்பு எட்டு நாள் அளவில் முடிந்தது. ஒளிப்பதிவு ஆல்ஃபிரட் லிண்ட். 1910 செப்டம்பர் 12 அன்று கோஸ்மோராமாவில் முதல் காட்சி நடந்தது. அதற்கு முந்தைய நாள்தான் ஆஸ்டாவுக்கு இருபத்தொன்பது வயது நிறைந்திருந்தது.

மக்தா என்ற பியானோ ஆசிரியை, பாதிரியார் மகனான க்னுட் என்பவனுக்கு நிச்சயிக்கப்பட்டவள். சர்க்கஸ் கலைஞன் ருடால்ஃபைக் கண்டு மயங்கி அவனோடு ஓடிப்போகிறாள். அவன் அவளை ஏமாற்றுகிறான், அடிக்கிறான், அவள் உழைப்பில் உண்கிறான். ஆனாலும் அவளால் அவனை விட்டு நீங்க முடியவில்லை. இறுதியில் அவனைக் கொன்றுவிடுகிறாள். ஏறக்குறைய முக்கால் மணிநேரம் ஓடும் படம். பத்து நிமிடத் துண்டுப்படங்களே பெரும்பாலும் ஓடிக்கொண்டிருந்த நாளில் ஒரு பெண்ணின் மனம் படிப்படியாகச் சிதைவதை இவ்வளவு நேரம் காட்டியது பார்வையாளர்களுக்குப் புது அனுபவம்.

இந்தப் படத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் கௌச்சோ நடனத்தைக் குறிப்பிடுவார்கள். மேடையில் ருடால்ஃபைச் சுருக்குக் கயிற்றால் கட்டிவிட்டு, அவனைச் சுற்றிச்சுற்றி உடலோடு உடல் உரச மக்தா ஆடும் நடனம் அது. தணிக்கைக்காரர்களுக்கு அது தலைவலியாக அமைந்தது. அண்டை நாடுகளில் கத்தரிக்கோலுக்கும் இரையானது. கேமரா பார்வையாளர் இருக்கையிலிருந்து பார்க்காமல், மேடையின் பக்கவாட்டில் நின்று பார்க்கிறது. அதனால் நடனம் யாருக்காகவோ ஆடப்படும் காட்சியாக இல்லாமல், அவர்கள் இருவருக்குள் நடக்கும் ஏதோ ஒன்றை நாம் ஒளிந்து பார்ப்பதுபோல் ஆகிவிடுகிறது.

அவருடைய நடிப்பில் அப்படி என்ன புதுமை?

அதே படத்தின் கடைசிக் காட்சியைப் பார்த்தால் விடை கிடைக்கும். கொலை நடந்துவிட்டது. போலீசார் மக்தாவை அழைத்துப் போகிறார்கள். மேடை மரபில் வளர்ந்த எந்த நடிகையும் அந்த இடத்தில் நெஞ்சில் அறைந்துகொண்டு கதறியிருப்பார்; தலைமயிரைப் பிய்த்துக்கொண்டிருப்பார். நீல்சன் எதையும் செய்வதில்லை. முகம் வெறுமையாகிவிடுகிறது. கால்கள் தாமாக நடக்கின்றன. நடந்தது என்னவென்று இன்னும் தன்னிடம் வந்து சேராத ஒருத்தியாக அவர் கேமராவை நோக்கி மெல்ல வருகிறார். அவர் காட்டாமல் விட்டதை எல்லாம் பார்க்கிறவர் தம் மனத்துக்குள் நிரப்பிக்கொள்கிறார்.

இந்தச் சிக்கனம் தற்செயலாக வந்ததன்று. பெரிதாக்கப்பட்ட உருவத்தில் ஒவ்வொரு அசைவும் மிகையாகிவிடும் என்பதையும், படப்பிடிப்பில் காட்சிகள் துண்டுதுண்டாக எடுக்கப்படுவதால் சுற்றியுள்ள எல்லாவற்றையும் மறந்து பாத்திரத்தின் தீர்மானமான கணத்துக்குள் ஒரே எட்டில் நுழையத் தெரிந்திருக்க வேண்டும் என்பதையும் அவர் தம் தன்வரலாற்றில் விளக்கியிருக்கிறார். மேடை நடிகருக்கு அந்த மனநிலையை அடைய இரண்டு அங்கங்கள் அவகாசம் உண்டு. திரை நடிகருக்கு விளக்கைப் போடும் நேரம் மட்டுமே உண்டு.

அவருடைய படங்களில் முகத்தை நெருங்கிக் காட்டும் அண்மைக்காட்சிகள் குறைவு என்பதையும் கவனிக்க வேண்டும். அந்த உத்தி அப்போது பரவலாகியிருக்கவில்லை. முழு உருவமும் தெரியும் தொலைவில் நின்றபடி, தோளின் ஒரு சரிவாலும், கையுறையைக் கழற்றும் வேகத்தாலும், கேமராவுக்கு முதுகைக் காட்டி நிற்கும் துணிவாலும் அவர் கதை சொன்னார். கறுப்பு உடைகளை விரும்பி அணிந்ததும், கருங்கூந்தலை நெற்றியை ஒட்டி நேராக வெட்டிக்கொண்டதும் இதற்குத் துணைசெய்தன. சாம்பல் நிறத் திரையில் எத்தனை பேர் நின்றாலும் கண் அவரிடமே செல்லும். ஹங்கேரிய விமர்சகர் பேலா பலாஷ் 1924இல் திரைக்கலையைப் பற்றி எழுதிய முன்னோடி நூலில், முகத்தின் மொழி எதுவரை செல்ல முடியும் என்பதற்கு நீல்சனைச் சான்றாகக் கொண்டு எழுதியிருக்கிறார்.

டென்மார்க்கில் திரைத்தொழில் வளமாக இருந்தபோது அவர் ஜெர்மனிக்குச் சென்றது ஏன்?

ஒலே ஓல்சன் 1906இல் தொடங்கிய நார்டிஸ்க் நிறுவனம் அந்த நாட்களில் ஐரோப்பா முழுவதும் படங்களை விற்றுக்கொண்டிருந்தது உண்மைதான். நீல்சனும் 1911இல் 'கறுப்புக் கனவு', 'பாலே நடனக்காரி' என்ற இரு டேனிஷ் படங்களில் நடித்தார். ஆனால் அவருக்கும் காட்டுக்கும் வேண்டியதைத் தர ஜெர்மனியில்தான் ஆள் இருந்தது. பிராங்பர்ட்டில் தொழில் தொடங்கித் திரையரங்குகளைச் சங்கிலித்தொடராக நடத்திவந்த பவுல் டேவிட்சன் (கோஸ்மோராமா உரிமையாளர் அல்ல, இவர் வேறொருவர்), நீல்சனின் படத்தைப் பார்த்த பிறகே படத் தயாரிப்பில் இறங்க முடிவுசெய்ததாகப் பின்னாளில் கூறினார். துண்டுப்படங்களின் காலம் முடிந்தது என்பதை அவர் அந்தப் படத்தில் உணர்ந்திருக்கிறார்.

1911இல் டேவிட்சனின் யூனியன் நிறுவனமும் பெர்லினின் டாய்ச்ச பயாஸ்கோப் நிறுவனமும் சேர்ந்த ஏற்பாட்டின்கீழ் ஒரு பருவத்துக்கு எட்டுப் படங்கள் என்ற கணக்கில் நீல்சனும் காட்டும் ஒப்பந்தமானார்கள். காட் கதை எழுதி இயக்குவார், நீல்சன் நடிப்பார். கதை, உடை, படத்தொகுப்பு எல்லாவற்றிலும் அவருடைய சொல்லுக்கு எடை இருந்தது. அன்றைய ஐரோப்பியத் திரை நடிகர்களுள் மிக உயர்ந்த ஊதியம் பெற்றவர்களில் அவரும் ஒருவர்.

'ஏகபோகப் படம்' என்று சொல்லப்படும் விநியோக முறைக்கும் அவருக்கும் என்ன தொடர்பு?

இந்தக் கேள்வி வியாபாரத்தைப் பற்றியதாகத் தோன்றினாலும், நட்சத்திரம் என்ற ஒன்று எப்படி உருவானது என்பதற்கான விடை இதில்தான் இருக்கிறது. ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1910க்கு முன்பு ஜெர்மனியில் படச்சுருளை மீட்டர் கணக்கில் துணி விற்பதுபோல் விற்றார்கள். வாங்கியவர் அதை எங்கும் ஓட்டலாம், யாருக்கும் வாடகைக்கு விடலாம். ஒரே ஊரில் நான்கு கொட்டகைகளில் ஒரே படம் ஓடும். சில வாரங்களில் பிரதி தேய்ந்து, வாடகையும் தேய்ந்துவிடும். இந்த நிலையில் செலவு செய்து நீண்ட படம் எடுக்கத் தயாரிப்பாளருக்கு என்ன தைரியம் வரும்? நடிகரின் பெயரைப் பெரிதாக விளம்பரப்படுத்தித்தான் அவருக்கு என்ன லாபம்? பக்கத்துக் கொட்டகைக்காரரும் அதே விளம்பரத்தில் குளிர்காய்வார்.

டூசல்டார்ஃப் நகரத்து விநியோகஸ்தர் லுட்விக் காட்சால்க் 'பாதாளம்' படத்தின் ஜெர்மன் உரிமையை வாங்கி, 1910ஆம் ஆண்டின் இறுதியில் வேறு வழியில் வெளியிட்டார். பகுதி பகுதியாக உரிமை தரப்பட்டது. ஓர் ஊரில் ஒரு திரையரங்குக்கு மட்டும் குறிப்பிட்ட காலத்துக்கு அந்தப் படத்தை ஓட்டும் தனியுரிமை கிடைத்தது. உரிமை பெற்றவர் கட்டணத்தை உயர்த்தலாம். பெரிய எழுத்தில் சுவரொட்டி ஒட்டலாம். படத்தை நாள்கணக்கில் ஓட்டலாம். ஏரியா வாரியாக உரிமை விற்பது நமக்கு இன்று சாதாரணமாகத் தெரிகிறது. அன்று அது ஜெர்மன் திரைத்தொழிலின் அடித்தளத்தையே மாற்றியது.

டேவிட்சன் அதை இன்னும் ஒரு படி முன்னே கொண்டுபோனார். ஒரு பருவம் முழுவதற்குமான 'ஆஸ்டா நீல்சன் தொடர்' என்ற பெயரில், இன்னும் எடுக்கப்படாத படங்களுக்கே முன்கூட்டி உரிமை விற்றார். திரையரங்கு உரிமையாளர் எந்தக் கதை வரும் என்று அறியாமலே பணம் கட்டினார். அவர் வாங்கியது ஒரு நடிகையின் பெயரை. பல நிறுவனங்கள் நடிகரின் பெயரை வெளியிடவே தயங்கிய காலத்துக்குச் சில ஆண்டுகளுக்குள் நடந்த மாற்றம் இது. நட்சத்திர முறை அமெரிக்காவில் பிறந்து ஐரோப்பாவுக்கு வந்தது என்று எழுதுகிறவர்கள் 1911 முதல் 1914 வரையிலான இந்த மூன்று பருவங்களைக் கணக்கில் எடுப்பதில்லை என்பது எனக்குள்ள குறை.

பாபல்ஸ்பெர்க் ஸ்டுடியோவின் முதல் படத்தில் அவர்தான் நடித்தாரா?

ஆம். பெர்லினுக்கு அருகே பாபல்ஸ்பெர்க்கில் டாய்ச்ச பயாஸ்கோப் நிறுவனம் கண்ணாடிக் கூரையும் கண்ணாடிச் சுவர்களும் கொண்ட படப்பிடிப்புக் கூடத்தைக் கட்டியது. அந்த இடத்தைத் தேர்ந்தவர் ஒளிப்பதிவாளர் கீடோ ஸேபர். அங்கே 1912 பிப்ரவரி 12 அன்று தொடங்கிய முதல் படப்பிடிப்பு, நீல்சன் நடித்த 'மரண நடனம்' என்ற படத்துக்கானது. பின்னாளில் உலகப் புகழ்பெற்ற அந்த ஸ்டுடியோவின் கதை இங்கிருந்து தொடங்குகிறது.

அவர் சோக வேடங்களில் மட்டும்தான் நடித்தாரா?

இல்லை, இது மிகப் பரவலான தவறான எண்ணம். 1914இல் வெளியான 'குட்டித் தேவதை' ஒரு முழுநீள நகைச்சுவைப் படம். அமெரிக்காவிலிருந்து வரும் பணக்கார மாமாவை ஏமாற்றுவதற்காகப் பதினேழு வயதுப் பெண் பன்னிரண்டு வயதுச் சிறுமியாக நடிக்க வேண்டிய கதை. முப்பதைக் கடந்திருந்த நீல்சன், பதினேழு வயதுக்காரியாகவும், அவள் நடிக்கும் பன்னிரண்டு வயதுக்காரியாகவும் ஒரே நேரத்தில் தோன்றுகிறார். சிறுமி வேடம் கலைந்து இளம்பெண் எட்டிப்பார்க்கும் நொடிகளில்தான் சிரிப்பே இருக்கிறது. அந்தப் பாத்திரத்தின் பெயர் எஸ்டா, அவருடைய மகளின் பெயரேதான்.

வேடங்களின் வீச்சு வியப்பூட்டுவது. 'அந்நியப் பறவை' படத்தில் ஸ்பிரேவால்ட் நீர்வழிகளுக்கு நடுவே காதலனோடு படகில் தப்பும் ஆங்கிலேயப் பெண். 'ஏழை ஜென்னி'யில் உழைக்கும் வர்க்கத்துப் பெண். 1913இல் வந்த 'சஃப்ரஜெட்' படத்தில் வாக்குரிமைக்காக வெடிகுண்டு வைக்கவும் துணிபவள். 'சபாட்டாவின் கூட்டம்' படத்தில் இத்தாலிக்குப் படப்பிடிப்புக்குப் போய்க் கொள்ளைக்காரர்கள் என்று தவறாக எண்ணப்படும் நடிகர் குழுவில் ஒருத்தி. ஆண் உடையில் துள்ளித் திரிவதில் அவருக்குத் தனி மகிழ்ச்சி இருந்தது படங்களில் தெரிகிறது. ஒரு பெண் என்னவாக இருக்கலாம் என்ற கேள்விக்கு எட்டு மாதத்துக்கு எட்டு விடை சொன்னவர் என்றே அவரைச் சொல்லத் தோன்றுகிறது.

படங்களின் சிறப்புக்குக் காரணம் இயக்குநர் உர்பான் காட்டா, நீல்சனா?

காட் திறமையானவர்தான். கதையை வேகமாக அமைக்கவும், நடிகைக்கு இடம்விட்டு ஒதுங்கி நிற்கவும் தெரிந்தவர். இருவரும் 1912இல் மணந்துகொண்டார்கள். 1915 வாக்கில் பிரிந்து, 1918இல் மணமுறிவு பெற்றார்கள். காட் இல்லாத நீல்சன் பிறகும் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் முன்னணியில் இருந்தார். நீல்சன் இல்லாத காட்டின் படங்களை இன்று ஆய்வாளர்கள் தவிர வேறு யாரும் தேடுவதில்லை. என் விடை இதிலேயே அடங்கியிருக்கிறது.

முதல் உலகப்போர் அவருடைய திரைவாழ்க்கையை எப்படிப் பாதித்தது?

1914இல் போர் தொடங்கியதும் பிரிட்டன், பிரான்சு போன்ற நாடுகளின் சந்தை ஜெர்மன் படங்களுக்கு அடைபட்டது. மௌனப்படத்துக்கு, காட்சிகளுக்கிடையே வசனத்தைக் காட்டும் எழுத்தட்டைகளை மாற்றினால் போதும், எந்த நாட்டிலும் ஓட்டலாம் என்ற வசதியில் வளர்ந்த ஒரு சர்வதேச நடிகைக்கு எல்லைகள் மூடப்படுவது பெரிய இழப்பு. அவர் டென்மார்க்குக்குத் திரும்பினார். இடையில் ஜெர்மனியில் 'நியூட்ரல்' என்ற பெயர் கொண்ட நிறுவனத்துக்காக ஒரு தொடர் படங்களை முடித்தார். அவற்றுள் 'பங்குச்சந்தையின் ராணி' என்ற படத்தில் தாமிரச் சுரங்கத் தொழிலை நடத்தும் முதலாளியாக வருகிறார். 1919இல் வெளியான 'ஒளியை நோக்கி' அவருடைய நான்காவது டேனிஷ் படம். அதற்குப் பின் தாய்நாட்டுத் திரைத்தொழில் அவருக்கு ஒரு வேடமும் தரவில்லை.

அவர் ஹாம்லெட்டாக நடித்தது உண்மையா?

உண்மை. போருக்குப் பின் பெர்லினுக்குத் திரும்பிய அவர், 'ஆர்ட்-ஃபில்ம்' என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார். அதன் முதல் முயற்சி 'ஹாம்லெட்'. ஸ்வெண்ட் காடே, ஹைன்ஸ் ஷால் இருவரும் இயக்கிய அந்தப் படம் 1921 பிப்ரவரியில் பெர்லினில் வெளியானது.

ஆண் வேடத்தில் ஒரு பெண் நடித்தார் என்பதோடு விஷயம் முடிந்துவிடவில்லை. இந்தப் படத்தில் ஹாம்லெட்டே ஒரு பெண். மன்னர் போரில் இறந்துவிட்டதாகச் செய்தி வந்த நேரத்தில் அரசி பெண்குழந்தையைப் பெறுகிறாள். அரியணை கைமாறாமலிருக்க ஆண்குழந்தை பிறந்ததாக அறிவிக்கிறாள். மன்னர் உயிரோடு திரும்பிய பின்னும் பொய்யைத் திரும்பப்பெற முடியவில்லை. அந்தப் பெண் வாழ்நாள் முழுதும் இளவரசனாக வளர்கிறாள். நண்பன் ஹொரேஷியோவைக் காதலிக்கிறாள். அவனோ ஒஃபீலியாவைக் காதலிக்கிறான். ஹாம்லெட்டின் தயக்கத்துக்கு விளக்கமாக அமெரிக்கரான எட்வர்ட் வைனிங் 1881இல் வெளியிட்ட நூலின் கருத்தை அடியாகக் கொண்ட கதை இது. நீல்சன் பிறந்த ஆண்டும் அதுவே.

ஷேக்ஸ்பியர் பற்றாளர்கள் சிலருக்கு இது சம்மதமாக இருக்காது. மூலநாடகத்தின் சொல்வளம் முழுவதையும் மௌனப்படம் இழந்துவிடுகிறது என்பது சரியே. அந்த இழப்பின் இடத்தில் நீல்சன் வைப்பது, தன் உடலையே மறைத்து வாழவேண்டிய ஒருத்தியின் ஓயாத விழிப்பு. ஹொரேஷியோ அருகில் வந்து அமரும்போது கறுப்பு அங்கிக்குள் அந்தத் தோள்கள் சற்றே ஒடுங்குவதைப் பார்த்தால், தயக்கத்துக்கு வேறு விளக்கம் தேவைப்படாது. அவளுடைய இறப்பின்போதே உண்மை ஹொரேஷியோவுக்குத் தெரியவருகிறது.

1920களில் அவர் நடித்த முக்கியமான படங்கள் எவை?

இலக்கியப் படைப்புகளின் திரைவடிவங்களில் அதிகம் தோன்றினார். தாஸ்தயேவ்ஸ்கியின் நாவலைத் தழுவிய 'அலையும் ஆன்மாக்கள்', ஸ்ட்ரிண்ட்பெர்க்கின் 'மிஸ் ஜூலி', லியோபோல்ட் யெஸ்னர் இயக்கிய 'மண்ணின் ஆவி', இப்சனின் 'ஹெட்டா காப்லர்' ஆகியவை அவற்றுள் சில. சொந்த நிறுவனம் நீண்டநாள் நீடிக்காததால், இந்தப் பத்தாண்டில் பெரும்பாலும் பிறர் தயாரிப்பில், பிறர் திட்டத்துக்கு உட்பட்டே நடித்தார்.

கிரேட்டா கார்போவோடு அவர் சேர்ந்து நடித்தாரா?

ஜி. டபிள்யூ. பாப்ஸ்ட் இயக்கி 1925இல் வெளியான 'மகிழ்ச்சியற்ற தெரு'வில் இருவரும் இருக்கிறார்கள். போருக்குப் பிந்தைய பணவீக்கத்தில் வியன்னா நகரின் ஒரு தெரு. இறைச்சிக் கடை வாசலில் இரவெல்லாம் வரிசையில் நிற்கும் பெண்கள். யாருக்குக் கறி, யாருக்கு இல்லை என்று முடிவுசெய்யும் கசாப்புக்காரராக வெர்னர் க்ராஸ். கார்போவுக்கு அப்போது பத்தொன்பது வயது. நீல்சனுக்கு நாற்பத்து மூன்று. கார்போ நடித்த பெண் விளிம்புவரை சென்று காப்பாற்றப்படுகிறாள். நீல்சன் நடித்த மரியா, காதலனுக்காகத் தன்னை விற்கிறாள், பொறாமையில் கொலை செய்கிறாள், பழி காதலன்மேல் விழும்போது தானே சென்று குற்றத்தை ஒப்புக்கொள்கிறாள்.

தணிக்கையாலும் விநியோகஸ்தர்களின் வசதிக்காகவும் நாட்டுக்கு நாடு இந்தப் படம் வெவ்வேறு விதமாக வெட்டப்பட்டது. கார்போ ஹாலிவுட்டில் புகழ்பெற்ற பிறகு, மரியாவின் கதை பெரிதும் நீக்கப்பட்ட பிரதிகள் அமெரிக்காவில் ஓடின. ஆகவே நீல்சனுக்கு இந்தப் படத்தில் சிறு வேடம்தான் என்று யாராவது சொன்னால், அவர் பார்த்தது எந்தப் பிரதி என்று முதலில் கேட்க வேண்டும். மீட்டெடுக்கப்பட்ட நீண்ட வடிவத்தில் படத்தின் பாரத்தைச் சுமப்பவர் நீல்சனே.

நடுவயதை மறைக்காமல் நடித்ததிலும் அவர் தனித்து நிற்கிறார். புரூனோ ரான் இயக்கி 1927இல் வந்த 'விலைமகளின் துயரம்' படத்தில் முதுமையை நெருங்கும் பாலியல் தொழிலாளியாக வருகிறார். வீட்டைவிட்டு ஓடிவந்த ஓர் இளைஞனுக்கு இடம்கொடுத்து, சேமித்த பணத்தில் மிட்டாய்க்கடை ஒன்றை வாங்கிப் புது வாழ்வு தொடங்கலாம் என்று நம்புகிறவள். அவள் கண்ணாடி முன் அமர்ந்து தன் முகத்தை உற்றுப்பார்த்து ஒப்பனையைச் சரிசெய்யும் இடத்தில், தன் தோற்றத்தால் பிழைக்கும் இன்னொரு தொழிலாளியான நடிகையும் அவளோடு சேர்ந்து பார்க்கிறார். எனக்கு 'ஹாம்லெட்'டைவிட இதுவே பெரிய சாதனை.

பேசும்படம் வந்ததால்தான் அவருடைய வாழ்க்கை முடிந்ததா?

குரல் காரணமில்லை. 1932 இறுதியில் வெளியான 'சாத்தியமற்ற காதல்' அவருடைய ஒரே பேசும்படம். எரிக் வாஷ்னெக் இயக்கிய அதில் வேரா ஹோல்க் என்ற சிற்பியாக, வளர்ந்த இரு மகள்களின் தாயாக நடித்தார். மேடையில் குறையாகக் கருதப்பட்ட அதே ஆழ்ந்த குரல் அந்தப் பாத்திரத்துக்குப் பொருத்தமாகவே ஒலிக்கிறது. 1920களின் பிற்பகுதியிலேயே திரையில் தமக்குத் தகுந்த வேடங்கள் குறைந்ததைக் கண்டு அவர் ஜெர்மானிய மேடைகளுக்குத் திரும்பியிருந்தார். ஐம்பது வயதுப் பெண்ணை நாயகியாக வைத்துக் கதை எழுத ஆளில்லாமல் போனதே உண்மையான காரணம்.

நாஜி ஆட்சியோடு அவருக்குத் தொடர்பு இருந்ததா?

ஆட்சி அவரைத் தன் பக்கம் இழுக்க முயன்றது. பிரசார அமைச்சர் கோயபல்ஸ் தனி ஸ்டுடியோ அமைத்துத் தருவதாகச் சொன்னதாகவும், ஹிட்லர் தேநீருக்கு அழைத்துத் திரைக்குத் திரும்பும்படி வற்புறுத்தியதாகவும் அவர் பின்னர் விவரித்தார். அதன் உட்பொருளைப் புரிந்துகொண்ட அவர் மறுத்துவிட்டு, 1930களின் பிற்பகுதியில் டென்மார்க்குக்கு நிரந்தரமாகத் திரும்பினார். போர்க்காலத்தில், ஜெர்மனியில் வாழ்ந்த ஆலன் ஹாகெடார்ஃப் என்ற இளம் டேனிஷ்காரர் மூலமாக யூதர்களுக்கு உதவிப்பணம் அனுப்பினார். நாட்குறிப்புகளால் பின்னர் அறியப்பட்ட விக்டர் கிளெம்பரரும் அந்த உதவியைப் பெற்றவர்களுள் ஒருவர்.

அவருடைய படங்கள் இன்று பார்க்கக் கிடைக்கின்றனவா? எதிலிருந்து தொடங்கலாம்?

74 படங்களில் ஏறக்குறைய பாதியே எஞ்சியிருக்கின்றன. நைட்ரேட் படச்சுருள் எளிதில் தீப்பற்றும், தானாகவும் சிதையும். ஓடி முடித்த படத்தைப் பாதுகாக்க வேண்டும் என்ற எண்ணமும் அன்று இல்லை. எர்ன்ஸ்ட் லூபிச் இயக்கத்தில் அவர் நடித்த 'போதை' முற்றிலும் தொலைந்துவிட்டது. திரைக்கதையிலும் படமாக்கத்திலும் தலையிட்டுத் திருத்தும் ஒரு திரைநட்சத்திரமாகவே அவர் நடித்த 'திரை நாயகி' என்ற 1913ஆம் ஆண்டுப் படத்தில் துண்டுகள் மட்டுமே மிஞ்சியுள்ளன. அவர் எப்படி வேலை செய்தார் என்பதற்குச் சாட்சியாக இருந்திருக்கக்கூடிய படம் என்பதால் இந்த இழப்பு எனக்கு எல்லாவற்றிலும் அதிகம் வலிக்கிறது. 'ஹாம்லெட்'டின் வண்ணமேற்றிய பிரதி ஒன்று கண்டெடுக்கப்பட்டு, பிராங்பர்ட்டின் ஜெர்மன் திரைப்பட நிறுவனத்தால் செப்பனிடப்பட்டு, 2007 பெர்லின் திரைப்பட விழாவில் காட்டப்பட்டது ஆறுதலான செய்தி.

டேனிஷ் படங்களை டேனிஷ் திரைப்பட நிறுவனம் தன் மௌனப்பட இணையத்தளத்தில் வைத்திருக்கிறது. 'பாதாளம்' முதலில், அடுத்து 'குட்டித் தேவதை', பிறகு 'ஹாம்லெட்', கடைசியாக 'விலைமகளின் துயரம்' என்ற வரிசையில் பார்ப்பது நல்லது. இரண்டாவதாக நகைச்சுவைப் படத்தைப் பார்த்துவிட்டால் 'சோகநாயகி' என்ற பட்டம் மனத்தை மறைக்காது.

இறுதிக்காலத்தில் அவர் என்ன செய்தார்?

எழுதினார். 'பத்தாவது கலைத்தேவதை' என்ற தன்வரலாற்றை 1945, 1946 ஆண்டுகளில் இரு தொகுதிகளாக வெளியிட்டார். வண்ணத் துணித்துண்டுகளை ஒட்டி ஓவியங்கள் செய்தார். 1963இல் ஜெர்மன் திரைப்பட விருதின் வாழ்நாள் கௌரவம் அவரை வந்தடைந்தது. மறு ஆண்டு, கணவரை இழந்த மகள் எஸ்டா தம் உயிரை மாய்த்துக்கொண்டார். எண்பத்தெட்டு வயதில், 1970இல், கிறிஸ்டியன் தீடே என்ற கலைப்பொருள் வணிகரை மணந்தார். 1972 மே மாதம் தொண்ணூறாம் வயதில் மறைந்தார். பால்டிக் கடலின் ஹிடன்ஸே தீவில் அவர் கோடைக்காலங்களைக் கழித்த, கட்டடக் கலைஞர் மாக்ஸ் டௌட் வடிவமைத்த வட்டவடிவ வீடு இப்போது நினைவில்லமாக இருக்கிறது.

மறைவதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், 1968இல், அவரைப் பற்றிய குறும்படம் ஒன்று வந்தது. அதன் இயக்குநர் ஆஸ்டா நீல்சன். எழுபத்து நான்கு படங்களில் நடித்து முடித்த பின், எண்பத்தாறு வயதில், அவர் முதன்முறையாக இயக்கிய படம் அது.